ஆறு படி ஏறினால் வீடு: தாம்பரம் பக்கத்துச் சாய்தளக் கணக்கு

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கட்டின வீடுகளைக் கவனிச்சிருக்கீங்களா? பல வீடுகள்ல தரைமட்டம் தெருவை விட மூணு அடி, சில இடங்கள்ல நாலு அடி உசரம். பழைய வீடுகளைக்கூட வரிசையா ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அடியில் செங்கல் வைத்துக் கட்டியிருக்காங்க. அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இப்படிச் செய்வதில் தப்பே இல்லை.

ஆனா இந்த உயரத்துக்கு ஒரு விலை இருக்கு. மூணு அடி என்றால் அரையடிப் படிகள் ஆறு. வெள்ளம் என்றைக்கோ ஒரு நாள் வரும், முழங்கால் வலி தினமும் வருது. தண்ணீரிலிருந்து அப்பா அம்மாவைக் காப்பாற்றக் கட்டின அதே உயரம், அவங்களைக் கோயிலுக்கும் கடைக்கும் போகவிடாம உள்ளேயே உட்கார வைத்துவிடும். வீட்டைப் புதுப்பிக்கும்போது நாம டைல்ஸ் நிறத்துக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

சாய்தளம்: கணக்கும் இடமும்

மத்திய அரசின் 2021 அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளில் உள்ள அடிப்படை அளவு 1:12. ஒரு அங்குலம் ஏற, பன்னிரண்டு அங்குல நீளம் வேணும். அப்படின்னா மூணு அடி ஏற 36 அடி. கேட்டுக்கு வெளியே பைக் ஏற்றுவதற்காகப் போடும் செங்குத்தான சரிவு இதுக்கு உதவாது. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளுறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருக்கறவருக்கும் ஆபத்து.

36 அடிக்கு எங்கே போறது? நான் 40க்கு 60, அதாவது ஒரு கிரவுண்டு மனையை வைத்துப் போட்டுப் பார்த்த கணக்கு இது. கார் நிற்கிற 20 அடித் தரையையே 1:20 சரிவில் போட்டால், அது சாய்தளம் மாதிரியே தெரியாது. ஆனா அதிலேயே ஒரு அடி ஏறியாச்சு. மீதி ரெண்டு அடிக்குப் பக்கச் சுவரை ஒட்டி 24 அடி, கதவுக்கு முன்னால் திரும்ப 5 அடிச் சமதளம். மொத்தம் 49 அடி, மனைக்குள் அடங்குது. அரை கிரவுண்டில் நேராகப் போக இடம் பத்தாது. 'எல்' வடிவில் மடக்கணும், இல்லைன்னா கார் இடத்தை விட்டுக்கொடுக்கணும்.

"வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்"

இந்த எதிர்ப்பைத்தான் அதிகம் கேட்கிறேன். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸுக்கு 2003இல் தொற்றால் கால்கள் செயலிழந்தன. அதுக்கப்புறம் அவர் சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரி மேசை எல்லாம் வடிவமைக்க இறங்கினார். அவரைப் பொறுத்தவரை, தேவைக்கான பொருள் அசிங்கமா இருக்கணும்னு விதி எதுவும் இல்லை.

நம்ம வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தால்:

வாசல்: சாய்தளத்தைப் பின்பக்கம் ஒளிக்காமல், எல்லோரும் நடக்கிற பிரதான வழியா ஆக்குங்க. மேலே பாலிஷ் கிரானைட் வேண்டாம், சொரசொரப்பான கடப்பா போதும். ஓரமா செடி, ரெண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி. கதவோரம் ஒன்றரை அடி உயரத்தில் சின்னத் திண்ணை இருந்தால் செருப்பு மாட்ட உட்காரலாம், பை வைக்கலாம். நம்ம பாட்டன் வீட்டுச் சமாச்சாரம்தான் இது.

நிலைவாசல்: மஞ்சள் குங்குமம் வைக்கிற வாசப்படியை யாரும் எடுக்க மாட்டாங்க, எடுக்கவும் வேண்டாம். நிலை வைக்கும்போதே அடிக்கட்டையைத் தரைமட்டத்துக்கு இறக்கச் சொன்னால் போதும். சடங்கும் நடக்கும், சக்கரமும் தடுக்காது.

பாத்ரூம்: இரண்டரை அடி நிலையில் சட்டமும் கதவும் போக மிஞ்சும் வழியில் சக்கர நாற்காலி நுழைவது கஷ்டம். 900 மில்லிமீட்டர் வழி கிடைக்கணும்னா நிலை மூன்றரை அடியாவது வேணும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே ஒருத்தர் விழுந்துட்டா அவர் மேல் இடிக்காது. துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. சுவரில் ஆங்கர் போல்ட் போட்ட கைப்பிடி தனியா வேணும். மேட் கறுப்பிலோ பித்தளை நிறத்திலோ வாங்கினால் குழாய்களோடு பொருந்தும்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால், மெரினா எதிரே காமராஜர் சாலையில் 2023இல் திறந்த 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிச் சாதனங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்காங்க.

உயர்த்தும் முன்

'பக்கத்து வீட்டுக்காரர் நாலு அடி, நாம அஞ்சு அடி' என்று போட்டி போடாதீங்க. 2015இல் உங்க தெருவில் தண்ணீர் எந்த அளவு நின்றது என்று பழைய குடித்தனக்காரர்களிடம் கேட்டு, சுவர்க் கறையையும் அளந்து, அதற்கு மேல் தேவையான இடைவெளி மட்டும் விடுங்க. ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்தினார். உங்க தெருவில் ரோடு போடும்போது அதைக் கேட்டு வாங்கறதும் இந்தக் கணக்கில் சேரும். ஏன்னா தரைமட்டத்தில் நீங்க குறைக்கிற ஒவ்வொரு அரையடியும் சாய்தளத்தில் ஆறு அடி மிச்சம்.