தமிழில் 'நாலு': எண்ணுப்பொருளும் எண் கடந்த பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் நான்கு, நாலு என்னும் இரு வடிவங்களும் ஒரே எண்ணைக் குறிப்பவை. எனினும் பேச்சுவழக்கில் 'நாலு' எண்ணைக் கடந்த பொருள்களையும் ஏற்கிறது. அப்பொருள்களை 'நான்கு' ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டைச் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பேச்சுவழக்கின் எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்குவதும், எண் கடந்த 'நாலு' உணர்த்துவது சிறுமையோ பெருமையோ அன்று, 'போதுமை' என்று நிறுவுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: எண்ணுப்பெயர், நாலு, வரையறைப்பொருள், போதுமைப்பொருள், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

எண்ணுப்பெயர்கள் வரையறுத்த அளவைக் காட்டுவன என்பது பொதுவான கருத்து. ஆயின் வழக்கில் வரும் எண்கள் எல்லாம் எண்ணிச் சொல்லப்படுவன அல்ல. 'ஆயிரம் சொன்னாலும் கேட்கமாட்டான்' என்பவர் ஆயிரத்தை எண்ணுவதில்லை. இத்தகைய எண்களுள் மிகுதியாகப் பயில்வது 'நாலு'. அன்றாடம் வழங்குவதாலேயே அதன் பொருள் நுட்பம் கவனிக்கப்படாமற் போகிறது. எழுத்துக்கோ வேற்றுமொழிக்கோ மாற்றப்படும்போதுதான் அது சிக்கலாக வெளிப்படுகிறது.

சொல்வடிவம்

'நால்' என்பதே இவ்வெண்ணின் அடி. கன்னடத்தில் நால்கு, தெலுங்கில் நாலுகு, மலையாளத்தில் நாலு என வழங்குவன இதற்குச் சான்று. தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியை விரிவாகக் கூறுகிறார். நான்கு என்பதன் மெய் லகரமாகவும் றகரமாகவும் திரிவதை நன்னூலாரும் விதிக்கிறார். நாலாயிரம், நாற்பது ஆகியவை முறையே அத்திரிபுகளைக் காட்டுவன. நால்வர், நானிலம், நான்மறை முதலியனவும் இவ்வடியிற் பிறந்தவையே. எனவே லகரம் நின்ற வடிவத்தைக் கொச்சை என ஒதுக்குதல் பொருந்தாது. ஆழ்வார்களின் பாசுரத் தொகுப்பே அவ்வடிவத்தால்தான் 'நாலாயிரம்' எனப் பெயர் பெற்றுள்ளது.

வரையறைப்பொருள்

பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் தோன்றிய திருமழிசையாழ்வார் அருளிய பிரபந்தங்கள் இரண்டு. 96 பாசுரங்களைக் கொண்ட நான்முகன் திருவந்தாதியின் பெயரில் நான்கு என்பது பிரமனின் முகங்களைத் திட்டமாகச் சுட்டுகிறது. 120 பாசுரங்களைக் கொண்ட திருச்சந்த விருத்தத்தின் முதற்பாசுரம் நிலத்திற்கு ஐந்து, நீருக்கு நான்கு, தீக்கு மூன்று, காற்றுக்கு இரண்டு, வானுக்கு ஒன்று எனப் பூதங்களின் குணங்களை எண்களாலேயே நிரல்படக் குறிக்கிறது. அங்கு நான்கு என்பதைச் சில என்றோ பல என்றோ கொண்டால் பாசுரத்தின் தத்துவக் கட்டமைப்பே சிதையும். சைவ மரபில் 'நால்வர்' என்பதும் சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர் ஆகியோரையே குறிக்கும். ஐந்தாமவருக்கு அதில் இடமில்லை.

ஊர்ப்பெயர் விளக்கங்களிலும் எண்ணை வரையறுத்துக் கொள்ளும் போக்கு உண்டு. அம்பத்தூர் என்பது 51ஆவது சக்தித் தலம் அமைந்த ஊர் என்பதால் வந்த பெயர் எனும் விளக்கம் மக்களிடையே வழங்குகிறது. பேச்சுத்தமிழில் ஐம்பது 'அம்பது' என ஒலிப்பதால் இவ்விளக்கம் எளிதில் ஏற்கப்படுகிறது. ஆனால் எஞ்சிய 'ஒன்று' பெயரில் எச்சுவடும் விடவில்லை. இதனை வரலாறாகக் கொள்ள இயலாவிடினும், ஒலியொற்றுமை கிடைத்தவிடத்து மக்கள் திட்டமான எண்ணை நாடுவதற்கு இது சான்றாகும்.

எண் கடந்த பொருள்

இதற்கு நேர்மாறான போக்கினை இதே வட்டாரத்தின் அன்றாடப் பேச்சிற் காணலாம்.

1. 'நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?' – சமூகம், ஊரார்.
2. 'நாலு காசு பாக்கணும்' – வாழ்க்கைக்கு வேண்டிய பொருள்.
3. 'நாலு எடத்துல விசாரிச்சிட்டு வா' – தெளிவதற்கு வேண்டிய இடங்கள்.
4. 'நாலு எழுத்து படிச்சவன்' – பிழைப்பதற்கு வேண்டிய கல்வி.
5. 'நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டான்' – உறைப்பதற்கு வேண்டிய அளவு.

இத்தொடர்கள் எதிலும் நான்கு என்னும் எண்ணிக்கை இல்லை. இதனை மூவகையாற் சோதிக்கலாம். முதலாவது, வடிவ மாற்றம்: 'நான்கு பேர் என்ன சொல்வார்கள்?' என்றால் 'எந்த நான்கு பேர்?' என்னும் வினா எழுகிறது. ஊரார் என்னும் பொருள் மறைகிறது. இரண்டாவது, இலக்க மாற்றம்: '4 காசு சம்பாதிக்க வேண்டும்' என எழுதினால் தொடர் நகைப்புக்குரியதாகிறது. மூன்றாவது, அடைச்சேர்க்கை: 'சரியாக நாலு பேர்' என்றவுடன் எண்ணுப்பொருள் ஒன்றே எஞ்சுகிறது.

சூழலால் மட்டுமே பொருள் தெளியும் இடங்களும் உள்ளன. பூந்தமல்லியில் பயணிகளுக்குக் காத்திருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் 'இன்னும் நாலு பேரு வந்தா கெளம்பிடலாம்' என்றால், அது எஞ்சிய இருக்கைகளின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். வண்டியை எடுக்கப் போதுமான ஆட்கள் என்றும் கொள்ளலாம்.

போதுமைப்பொருள்

எண் கடந்த 'நாலு' என்பதற்குச் 'சில' எனப் பொருள் கூறுவது முழுமையாகாது. 'நாலு காசு பார்த்தவன்' என்பதைச் 'சில காசு பார்த்தவன்' என மாற்றினால் பாராட்டு இழிவாகிவிடும். 'பல' என்பதும் பொருந்தாது. 'நாலு வார்த்தை பேசிவிட்டு வா' என்பவர் நெடும்பேச்சை விரும்புவதில்லை. எல்லா எடுத்துக்காட்டுகளிலும் பொதுவாக நிற்பது ஒரு செயல் நிறைவேற வேண்டிய அளவு எட்டப்பட்டது என்னும் கருத்தே. இதனையே இக்கட்டுரை போதுமை எனக் குறிக்கிறது.

பிற எண்களோடு ஒப்பிடும்போது இது மேலும் தெளிவாகும். 'ரெண்டு நிமிஷம் இரு' என்பதில் இரண்டு குறைவைக் காட்டுகிறது. 'பத்து தடவை சொல்லிட்டேன்', 'நூறு தடவை சொல்லிட்டேன்' என்பவை மிகுதியைக் காட்டுகின்றன. நாலு இவற்றுக்கு இடையில் நிற்கிறது. நாலைந்து என்பது இதனின் வேறு. அது உண்மை எண்ணிக்கையை ஒட்டிய மதிப்பீடு.

பாடையைச் சுமக்க நால்வர் தேவை என்பதிலிருந்து 'நாலு பேர்' என்னும் வழக்குத் தோன்றியது எனக் கூறுவாருண்டு. போதுமைப்பொருளுக்கு அது நன்கு பொருந்தினும், நாலு வார்த்தை, நாலு காசு ஆகியவற்றை அது விளக்காது. தெலுங்கில் 'நலுகுரு' என்பதும் மலையாளத்தில் 'நாலாள்' என்பதும் ஊராரைக் குறிக்கின்றன. இந்தியிலும் நாலு பேர் என்ன சொல்வார்கள் எனும் வழக்கு உண்டு. ஆதலின் இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் உயர்திணை எண்ணுப்பெயரே இப்பொருளை ஏற்க, தமிழில் அதற்கு இணையான 'நால்வர்' வரையறைப்பொருளிலேயே நின்றுவிட்டது; 'நாலு பேர்' எண்ணைக் கடந்தது. இரு வடிவங்கள் இருப்பதனால் பொருளும் பகிர்ந்துகொள்ளப்பட்டதே தமிழின் தனித்தன்மை.

பெயர்ப்பில் நேரும் இழப்பு

இவ்வேறுபாடு அகராதியோடு அமைவதில்லை. 'நாலு பேரு முன்னாடி என்னை அசிங்கமா பேசினான்' என ஒருவர் கூறுவதை எழுதுபவர் 'நான்கு நபர்கள் முன்னிலையில்' எனச் செந்தரப்படுத்தினால், 'பலரறிய' என்னும் பொருள் நீங்கி, பெயர் சொல்லப்பட வேண்டிய நான்கு சாட்சிகள் தோன்றிவிடுகின்றனர். மூவரையே காட்ட முடிந்தால் உண்மை கூறியவர் முரண்பட்டவராகத் தோன்றுவார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) இழிவுபடுத்தும் செயல் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்ததா என்பதை நோக்குகிறது. 'நாலு பேர் முன்னால்' என்னும் தொடர் நேரடியாகச் சுட்டுவது அந்தப் பொதுவெளியைத்தான். அதனை எண்ணாக மாற்றுவது பாதிக்கப்பட்டவர் கூற்றின் உயிர்நிலையை நீக்குவதாகும். நாலு என்பதை இலக்கமாகவே கொள்ளும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் இதே இழப்பு நேரும்.

முடிவுரை

நான்கு, நாலு என்பவற்றை எழுத்துவழக்கு, பேச்சுவழக்கு என்று மட்டும் பிரிப்பது போதாது. வரையறைப்பொருளில் இரண்டும் வரும். போதுமைப்பொருளில் நாலு மட்டுமே வரும். ஆகவே அகராதிகள் இப்பொருளைத் தனிப்பொருளாக, பேர், காசு, வார்த்தை, இடம், எழுத்து முதலிய உடன்வரு சொற்களோடு பதிதல் வேண்டும். பதிப்பாசிரியரும் வாக்குமூலம் எழுதுவோரும் இவ்விடங்களில் நாலு என்பதைத் திருத்தாமல் விடுவது பொருளைக் காக்கும். இரண்டு, பத்து, நூறு, ஆயிரம் ஆகிய எண்களும் இம்முறையில் ஆராயப்படின் தமிழ் எண்ணுப்பெயர்களின் பொருண்மை முழுமையாக வெளிப்படும்.