கதை கேட்கும் விஞ்ஞானம் – 9: மடுவில் படுத்துக் கிடப்பது

முத்துச்சிப்பியின் வயிற்றிலே புழுவைத் தேடிக்கொண்டிருந்த ஹெர்ட்மன் துரையையும் அவருடைய துணைவர் ஹோர்னலையும் 1902ஆம் ஆண்டு மன்னார்க் கடலில் விட்டுவிட்டு வந்தது, தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்; மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் அந்த முத்தின் கதையை முடித்துத் தருவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பெரியமடுவுக்குப் போக நேர்ந்தது. புதன்கிழமை மாலைக்குள் கட்டுரை ஆசிரியர் கையில் இருந்தாக வேண்டும். இடைப்பட்ட ஓர் இரவில் நுளம்பைத் தவிர வேறெதுவும் மனசில் தங்க மறுத்துவிட்டது.

குளத்தடியில், நீர் வற்றிக் குழிகுழியாய் நின்ற ஒரு வாய்க்காலுக்குள், மலேரியாத் தடை இயக்கத்து இளைஞர் ஒருவர் நீண்ட பிடி போட்ட வெள்ளை அகப்பையால் தண்ணீரை மொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டை மேயவிட்டு வந்த கிழவர் ஒருவர், தம் வயலுக்கு ஏதோ செய்யப்போகிறார்கள் என்ற சந்தேகத்தோடு அருகே வந்து எட்டிப் பார்த்தார். இளைஞர் அகப்பையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்பு, வாலைத் தண்ணி மட்டத்தில வச்சுக்கொண்டு தலைகீழாத் தொங்குது பாருங்கோ, அது வேற சாதி. மட்டத்தோட மட்டமாப் படுத்துக் கிடக்கிறதுதான் நாங்கள் தேடுற ஆள்."

கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தா ஒண்டு படுத்துக் கிடக்குது, தம்பி," என்றார். அவர் குரலில் கள்ளனைப் பிடித்துவிட்டவனின் குதூகலம் இருந்தது.

அனோபிலிஸ் இனத்துக் கூத்தாடிப்புழுவுக்கு, மற்ற நுளம்புகளின் புழுக்களுக்கு இருப்பதுபோல் வாற்பக்கத்தில் நீண்ட சுவாசக் குழாய் கிடையாது. ஆகையால் மூச்சு வாங்குவதற்கு அது நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தாக வேண்டியிருக்கிறது. இதே விஷயத்தை அறிக்கைகளில் நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அங்கே "குடம்பிகள் அவதானிக்கப்பட்டன" என்றிருக்கும். யார் அவதானித்தார், எந்தக் குழியில், எந்த வேளையில் என்பவற்றையெல்லாம் கழித்துவிட்டு, செயப்பாட்டு வினை ஒன்றை மட்டும் நமக்கு மிச்சம் வைப்பதே சாஸ்திர மரபு. கிழவருக்கோ ஓர் ஆள் கிடைத்தான், அவன் ஒளியும் இடம் கிடைத்தது, அவனை அடையாளம் காணும் குறி கிடைத்தது. ஒரு கதைக்கு வேறென்ன வேண்டும்?

மடு என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. ஆறு ஓய்ந்த பின்னும் நீர் தங்கி நிற்கும் ஆழமான பள்ளத்தை மடு என்கிறோம். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்தபோது, என்றும் வற்றாதவை என்று பெயரெடுத்த இலங்கையின் ஈரவலயத்து ஆறுகள் ஓட்டம் நின்று, கேகாலை, குருநாகல் பக்கங்களில் மடுக்களின் வரிசையாகிவிட்டன. ஓடும் வெள்ளம் நுளம்பின் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். நின்ற தெளிநீரோ அவற்றுக்குத் தொட்டில். மழை பெய்தால் காய்ச்சல் வரும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, அந்த வருஷம் மழை பெய்யாததனாலேயே காய்ச்சல் வந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்கள் போயின. வன்னிக் காட்டோரத்து ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாய்ப் பழகிப்போன அந்தக் குளிர்காய்ச்சலை அறியாத உடம்புகள் அவை. இதைக் கிழவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "ஓடுற தண்ணிக்கு என்ன பயம்? நிக்கிற தண்ணிக்குத்தானே பயம்," என்றார்.

இந்தக் காய்ச்சலுக்கும் நுளம்புக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்த றொனால்ட் றொஸ் கவிதையும் நாவலும் எழுதிய மனிதர் என்பது பலருக்குத் தெரியாது. செகந்தராபாத்தில் ஹுசேன் கான் என்ற நோயாளிக்கு, கடிக்கும் நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி பேசி, புழுப் பருவத்திலிருந்து வளர்த்தெடுத்த பத்து நுளம்புகளை அவர் இரத்தத்தை உறிஞ்சவைத்து, அறுத்து வைத்த நுளம்புகள் பறந்துவிடும் என்று புழுக்கத்திலும் பங்கா இழுக்கவிடாமல் நுணுக்குக்காட்டியில் கண்ணைப் பதித்திருந்து, 1897 ஆகஸ்ட் 20இல் நுளம்பின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் அவர். அந்தப் பத்து அணாவையும் இழுக்கப்படாத பங்காவையும் நீக்கிவிட்டுப் பாடப்புத்தகம் எழுதியவர்கள்மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அதை இன்னொரு வாரத்துக்கு ஒத்திவைக்கிறேன்.

ஆனால் கதைக்கு ஒரு துர்க்குணமும் உண்டு; அது முடிவுக்கு ஆசைப்படும். டி.டி.டி. தெளித்துத் தெளித்து, 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் தொகை 17ஆக இறங்கியது. அழகான முடிவு! அதிகாரிகளும் பத்திரிகைகளும் வாசகர்களும் ஒருசேரப் புத்தகத்தை மூடினார்கள். தெளிப்பு நின்றது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பதினேழு என்ற எண்ணைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பதினேழு பேரும் எங்கே இருக்கிறார்கள், அவர்களைச் சுற்றி எது பறக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்படி கதையைச் சொல்லாமல் போனார்கள்.

இரண்டாவது முடிவு இன்னும் அழகானது. 2012 அக்டோபரோடு உள்நாட்டுத் தொற்று நின்றது. 2016 செப்டம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியாவற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சான்றிதழின் மை உலர்ந்த சில மாதங்களுக்குள், நம்முடைய மன்னார்த் தீவின் கிணறுகளிலே, இலங்கையில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு அகப்பட்டது. சென்னையின் கிணறுகளுக்கும் மொட்டைமாடித் தொட்டிகளுக்கும் நெடுநாட் பழக்கமான விருந்தாளி அது. ஆற்று மடுவை எதிர்பார்த்து நிற்பதில்லை, ஊருக்குள்ளே குடிதண்ணீரிலேயே குடும்பம் நடத்தும்.

இதையும் அந்த இளைஞர் கிழவருக்குச் சொன்னார். கிணறுகளுக்குள் புழுத்தின்னும் கப்பி மீன் விடுவதைப் பற்றியும் சொன்னார். கிழவர் மாட்டைத் திருப்பிக்கொண்டு இரண்டடி நடந்து, நின்றார்.

"கிணத்துக்கையும் அது படுத்துத்தானோ கிடக்கும், தம்பி?"

"ஓம் அப்பு."

"அப்ப விடியத் தண்ணி அள்ளேக்க பாக்கிறன்."

முத்து அடுத்த வாரம்.