மஞ்சள் திட்டு சொல்லும் சேதி

கடலோரச் செம்பனைத் தோட்டங்களில், ஆழமாக வெட்டிய வடிகால்களின் கரையில் வெளிர்மஞ்சள் திட்டுகளைக் காண்கிறோம். பார்வைக்குக் கந்தகம் போலிருந்தாலும் அது ஜாரோசைட் என்னும் இரும்புத் தாது.

முன்பு அலையாத்திக் காடாயிருந்த சேற்றுமண்ணில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் புதைந்திருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. நீர் வடிந்து மண்ணுக்குள் காற்றுப் புகுந்தால் கந்தக அமிலம் உண்டாகிறது. அந்தப் புளித்த ஈரத்தில் பிறப்பதே இம்மஞ்சள் தாது.

இத்திட்டு தெரிந்தால், மண்ணின் பி.எச். அளவு ஏறக்குறைய 4-க்கும் கீழே இறங்கியிருக்கிறது எனக் கொள்ளலாம். அப்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். வடிகாலில் மீனும் மடியும்.

ஆகவே, வடிகாலில் தடுப்புப் பலகையிட்டு, நீர்மட்டம் பைரைட் படிவத்துக்குக் கீழே இறங்காமல் காக்கவேண்டும். வீட்டுக் காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு இடுவோம். அவ்வடிகால் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதிருப்போம்.