நாலு உருவமும் ஒரு ‘டிட்’டும்

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மாவடிப்பள்ளி. இந்தப் பக்கத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். மேலே மூன்று காலம், பக்கத்தில் நான்கு வகை, மொத்தம் 12 கட்டம். பார்த்தவுடனே பிள்ளைக்குத் தலை சுற்றும். ஆனால் ஒழுங்கான ஆங்கில வினைக்கு உருவம் நாலே நாலுதான்: வோக், வோக்ஸ், வோக்ட், வோக்கிங். மீதியெல்லாம் ஹேவ், பீ, வில் என்ற துணை வினைகள் செய்யும் வேலை. எதிர்காலத்துக்கென்று தனி உருவம்கூடக் கிடையாது.

தமிழ் வினை இவ்வளவு சிக்கனமில்லை. நடந்தேன், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தது என்று இறந்தகாலத்துக்கே ஒரு வரிசை. அந்த இறந்தகாலமும் ஒரே மாதிரி வராது: செய்தான், ஓடினான், தின்றான், போட்டான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வினைகளை 13 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எண் போட்டிருக்கிறது. ‘செய்’ 1, ‘ஓடு’ 5, ‘படி’ 11, ‘நட’ 12. கல்முனைக்குடியில் பிறந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ வீட்டில் இருந்தால், வினை பற்றிய பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகுமுன்பே இத்தனையையும் பேசிவிடுகிற பிள்ளைதான் நாலு உருவத்துக்குப் பயப்படுகிறது.

அந்த நாலில் சிக்கல் உள்ளது ‘வோக்ட்’டில். எழுத்தில் ஈ.டி. ஒன்றுதான்; ஒலி மூன்று. எழுத்தைப் பார்த்து வாசிக்கிற பிள்ளை ‘வோக்கெட்’ என்கிறது. தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். வோக், வொஷ், ஹெல்ப் என்ற சொற்களின் கடைசி ஒலியில் தொண்டை அதிராது, அங்கே ஈ.டி. வல்லென்ற ‘ட்’ ஆகும். பிளே, ஓபன், கோல் என்பவற்றில் அதிரும். அங்கே அதுவும் மெலிந்து, அதிர்வோடு வரும். வோன்ட், நீட் போலச் சொல்லே வல்லென்ற ‘ட்’டிலோ மெலிந்த ‘ட்’டிலோ முடிந்தால் இன்னொரு ட்-ஐ ஒட்ட முடியாது. நடுவே ஓர் இகரம் நுழைந்து வோன்டிட், நீடிட் என்றாகும். முழு அசையாக ஒலிப்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

இது மனப்பாடமல்ல, விதி என்பதை 1958இல் அமெரிக்காவில் மொழியியல் ஆய்வாளர் ஜீன் பெர்கோ அழகாகக் காட்டினார். இல்லாத சொற்களை உண்டாக்கி, படத்தைக் காட்டிச் சிறுபிள்ளைகளிடம் கேட்டார்: “இந்த ஆளுக்கு ‘ரிக்’ பண்ணத் தெரியும். நேற்றும் அதையே செய்தார். நேற்று என்ன செய்தார்?” பிள்ளைகள் ‘ரிக்ட்’ என்றார்கள். அவர்கள் அதற்கு முன் எங்கும் கேட்டிராத சொல் அது. ‘மொட்’ என்ற போலிச் சொல்லில்தான் தடுமாறினார்கள். பலர் ‘மொட்டிட்’ என்னாமல் ‘மொட்’ என்றே விட்டுவிட்டார்கள். அந்த மூன்றாவது ஒலி ஆங்கிலப் பிள்ளைக்கும் லேசில் படிவதில்லை.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது ‘டிட்’டில். “டிடின்ட் வோக்ட்” என்று எழுதி, சிவப்புக் கோடு வாங்குவார்கள். ‘டிட்’ வந்துவிட்டால் காலத்தை அது எடுத்துக்கொள்ளும். வினை வெறும் ‘வோக்’ ஆகிவிடும். இது ஏதோ வெள்ளைக்காரன் வழக்கம் என்று நினைப்போம். ஆனால் “நேத்து நடந்தானா?” என்று கேட்டால் “நடக்கல்ல” என்கிறோமே, அதில் இறந்தகாலம் எங்கே? யார் நடக்கவில்லை என்பதும் அதில் இல்லை. எதிர்மறையில் தமிழும் வினையை இப்படித்தான் வெறுமையாக்குகிறது. கேள்வியில்தான் பாதை பிரிகிறது: நாம் ‘நடந்தானா’ என்று காலத்தை வைத்துக்கொள்கிறோம், ஆங்கிலம் அங்கேயும் டிட்டிடம் கொடுத்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை குறையும் என்பது என் எண்ணம்.

நிபந்தனையும் அப்படியே. நாளைய மழையைப் பற்றி “இஃப் இட் ரெய்ன்ட்” என்று இறந்தகால உருவத்தில் ஆங்கிலம் பேசுவது விசித்திரமாகப் படும். “நாளைக்கு மழை பெய்தால்” என்பதில் உள்ள ‘த்’ என்ன காலமாம்? ஏவலில் மட்டும் ஆங்கிலம் மொட்டை. வாப்பாவுக்கும் தம்பிக்கும் ஒரே ‘ஓபன்’; நம்முடைய ‘திறங்க’வுக்கு ஈடாக அவர்கள் ‘ப்ளீஸ்’ என்ற சொல்லைக் கூடச் சேர்க்கவேண்டும். ஹீ, ஷீ வந்தால் ஒட்டும் அந்த ‘ஸ்’, பழைய ஆங்கிலத்தில் இருந்த விகுதிகளில் மிஞ்சிய துண்டு. அது பழக்கத்தால்தான் வரவேண்டும்.

ஈ.டி. ஒட்டாத ஒழுங்கற்ற வினைகளோ காலப்போக்கில் குறைந்துகொண்டே வருகின்றன. 2007இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகளில் 177ஐ எடுத்துப் பின்தொடர்ந்தது. இன்று அவற்றில் 98 மட்டுமே அப்படி நிற்கின்றன. ‘ஹெல்ப்’புக்கு ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’ என்ற இறந்தகாலம் இருந்தது, இப்போது ‘ஹெல்ப்ட்’. கோ, ஸே, டேக் போல நாளெல்லாம் புழங்கும் வினைகள் தேயாமல் தப்பிக்கின்றன. புதிதாய் வருகிறவை ஒழுங்கு வழியிலேயே நுழைகின்றன. வட்ஸப் வினையானதும் தொண்டை அதிராத ‘ப்’ முடிவைப் பார்த்து ஆங்கிலம் ‘வட்ஸப்ட்’ என்றது. கல்முனையில் அதை ‘வட்ஸப் பண்ணினான்’ என்கிறோம். அந்தப் ‘பண்ணு’, லெக்சிகனில் ‘ஓடு’ இருக்கும் அதே 5ஆம் வகை.