டிபன் பாக்ஸ் காலியாக வந்தால்...

பள்ளியில் சீண்டப்படும் குழந்தை வீட்டில் வாய் திறப்பதில்லை. காரணம் பயம் மட்டுமல்ல.

ஒரு மாதமாக டிபன் பாக்ஸ் சுத்தமாகக் காலியாகித் திரும்பியது. கிழக்கு டெல்லி மயூர் விஹாரில் வசிக்கும் அந்தத் தமிழ்க் குடும்பத்தில் அம்மாவுக்குப் பரம திருப்தி. ஆனால் நாலாம் வகுப்புப் பையன் மெலிந்துகொண்டே போனான். குட்டை உடைத்தவர் வேன் டிரைவர். தயிர் சாதம் தினமும் காலையில் பள்ளி வாசல் நாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

வகுப்பில் பாக்ஸைத் திறந்தால் நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். 'மதராஸி' என்று ராகம் போடுவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று அம்மா கேட்டபோது அவன் சொன்னது: "அவங்க அடிக்கலையேம்மா."

சிக்கலே இங்குதான். அடித்தால் புகார் செய்யலாம். சிரித்தால்? ஆங்கிலத்தில் இதற்கு 'புல்லியிங்' என்று பெயர். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளும் எனக்கே அதற்கு ஈடாக ஒற்றைத் தமிழ்ச் சொல் சிக்கியதில்லை. கேலி, வம்பு, மிரட்டல், ஒதுக்கிவைத்தல் எல்லாமே அதில் அடக்கம். 'ராகிங்' கல்லூரிச் சமாசாரமாகிவிட்டது. பெயர் தெரியாத கஷ்டத்தை ஒன்பது வயதுப் பையன் எப்படிச் சொல்வான்?

1982-ல் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே காரணம் என்று பேசப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதில் முக்கியப் பங்காற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. சமபலம் உள்ள இருவர் போடும் சண்டை இதில் சேராது. குழந்தையிடம் இதை எளிதாகவே கேட்கலாம். உனக்கும் சிரிப்பு வந்ததா? வேண்டாம் என்றதும் நிறுத்தினார்களா? நாளைக்கும் செய்வார்களா?

அந்தப் பையனின் அப்பா கேட்கவில்லை. "நீயும் ரெண்டு போட்டுட்டு வாடா" என்றார். நம் அப்பாக்கள் பரம்பரையாகத் தரும் யோசனை. போட்டான். நாலு பேரும் சேர்ந்து திருப்பிப் போட்டார்கள். டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது இவனுக்குத்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த நாலு பேரை மட்டுமல்ல, சிரித்த மற்றவர்களையும். கனடாவின் டொரான்டோ நகரப் பள்ளி மைதானங்களில் காமிராவும் மைக்கும் வைத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2001-ல் வெளியானது. இத்தகைய சம்பவங்களில் 88 சதவீதத்தின்போது மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். குறுக்கிட்டதோ 19 சதவீதத்தில்தான். அப்படிக் குறுக்கிட்டபோது பாதிக்கு மேல் பத்தே விநாடியில் தொல்லை நின்றது. ஃபின்லாந்தின் டுர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கி, 2009 முதல் அந்நாடு முழுவதும் பள்ளிகளுக்குப் போன 'கிவா' திட்டம், வேடிக்கை பார்க்கும் இந்தக் கூட்டத்தையே குறிவைக்கிறது.

நம் நாட்டிலும் காகிதத்தில் குறைவில்லை. இதைத் தடுக்கப் பள்ளிதோறும் குழு அமைக்கும்படி சி.பி.எஸ்.இ. 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. மயூர் விஹார் அம்மா போய்க் கேட்டபோது வகுப்பாசிரியை சிரித்தார். "பச்சே ஹைன்" என்றார். குழந்தைகள்தானே! அம்மா அசரவில்லை. எந்த நாள், என்ன சொன்னார்கள், யார் அருகில் இருந்தார்கள் என்று மகனிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். மூன்றாவது வாரம் அந்த நோட்டுடன் முதல்வர் அறைக்குப் போனார். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பையனுக்கு வீட்டில் ஒத்திகை நடந்தது. நிமிர்ந்து நின்று "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும். அழாமல், திட்டாமல், உடனே நகர்ந்து டீச்சரிடம் போக வேண்டும். கோள் சொல்வது அடுத்தவனை மாட்டிவிட, இது தப்பிக்க என்று அம்மா விளக்கினார். வீட்டிலும் பள்ளியிலும் கேட்க ஆளில்லாத குழந்தைக்கு 1098 இருக்கிறது. 1996-ல் மும்பையில் தொடங்கிய இந்த இலவசத் தொலைபேசிச் சேவை நாடெங்கும் கிடைக்கிறது.

ஆசிரியை இடம் மாற்றி உட்கார வைத்ததில் பக்கத்தில் வந்தவன் ஒரு சீக்கியப் பையன். தலையில் கட்டும் பட்காவுக்காகக் கேலி பட்டவன். இப்போது மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பாக்ஸில் ஊறுகாய் கூடுதலாகப் போகிறது.

வேனில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் அவன் இன்னும் பேசுவதில்லை. அம்மா தினமும் கேட்கிறார்.