'ஸ்கீம்' என்னும் ஆங்கிலச் சொல்: பொருள்நிலைகளும் தமிழாக்கமும்

முன்னுரை

பிளான், ஸ்கீம், புராஜெக்ட் ஆகிய ஆங்கிலச் சொற்கள் மூன்றிற்கும் தமிழில் பெரும்பாலும் 'திட்டம்' என்னும் ஒரே சொல் ஆளப்படுகிறது. இவற்றுள் 'ஸ்கீம்' நற்பொருளும் தீப்பொருளும் ஒருங்கே உடையது. அதன் பொருள்நிலைகளையும் அவற்றிற்கேற்ற தமிழாக்கத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சொல் வரலாறு

வடிவம், உருவம் என்னும் பொருள்தரும் 'ஸ்கேமா' என்ற கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. தொடக்கத்தில் அணியிலக்கணக் கலைச்சொல்லாக வழங்கிய இது, 17ஆம் நூற்றாண்டில் செயல்திட்டத்தையும், 18ஆம் நூற்றாண்டில் தன்னலச் சூழ்ச்சியையும் குறிக்கலாயிற்று.

வழக்கு வேறுபாடு

பிரிட்டனிலும் இந்தியாவிலும் அரசு நடைமுறைப்படுத்தும் திட்டங்களை இச்சொல் இயல்பாகச் சுட்டும். 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இதுவே இடம்பெறுகிறது. அமெரிக்க வழக்கில் தீப்பொருளே மேலோங்குவதால், அரசுத் திட்டங்களுக்கு அங்குப் பெரும்பாலும் 'புரோகிராம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. வினைச்சொல்லாக வருமிடத்து இரு வழக்கிலும் சூழ்ச்சிப் பொருளே மிகுதி. 'கலர் ஸ்கீம்' என்னும் தொடரிலோ அமைப்பு என்னும் தொல்பொருள் எஞ்சியுள்ளது.

தமிழாக்கச் சிக்கல்

'திட்டவட்டம்', 'திட்டமாக' ஆகிய வழக்குகள் காட்டுவதுபோல், 'திட்டம்' என்பதில் உறுதியும் வரையறையும் உள்ளுறைந்துள்ளன. சார்லஸ் பொன்சி 1920இல் பாஸ்டன் நகரில் நடத்திய மோசடியின் பெயரால் வழங்கும் 'பொன்சி ஸ்கீம்' என்பதைப் 'பொன்சி திட்டம்' என்று பெயர்த்தால், ஏமாற்று வேலை அரசின் சேமிப்புத் திட்டத்திற்கு நிகரான தோற்றம் பெறும். படிப்போருக்கு எச்சரிக்கை சென்று சேராது. 'பொன்சி மோசடி' என்பதே தகும். அவ்வாறே, ஒருவர் 'ஸ்கீம்' செய்தார் என்னும் குற்றச்சாட்டைத் 'திட்டமிட்டார்' எனப் பெயர்த்தால் பழி மறைந்துவிடும்; 'சூழ்ச்சி செய்தார்' என்றே பெயர்த்தல் வேண்டும்.

'சூழ்ச்சி' என்னும் சொல்லும் இத்தகைய பொருள் இழிவை அடைந்ததே. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்த இச்சொல், இன்று வஞ்சகத்தையே குறிக்கிறது. மறைவாக எண்ணுதல் ஐயத்திற்கு இடமாதல் இரு மொழிக்கும் பொதுவெனலாம்.

முடிவுரை

அரசு சார்ந்த இடத்தில் 'திட்டம்', ஒழுங்கைச் சுட்டுமிடத்தில் 'அமைப்பு', வஞ்சகத்தைச் சுட்டுமிடத்தில் 'சூழ்ச்சி' அல்லது 'மோசடி' எனப் பகுத்தாளுதல் பொருத்தமாகும். அகராதிகள் இப்பொருள்களைத் தனித்தனி எண்ணிட்டு, வழங்கும் நாட்டையும் உடன் சுட்டுமாயின் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படும்.