சென்னை – யாழ்ப்பாணம்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தொலைவு சுமார் 355 கிலோமீட்டர். விமான நிறுவனங்கள் அறிவிக்கும் பயண நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை.

இந்தத் தொலைவை மாணவர்கள் நிலவரைபடத்தைக் கொண்டே கணக்கிடலாம். சென்னை விமான நிலையம் 13° வட அட்சக்கோட்டை ஒட்டியும், பலாலி ஏறத்தாழ 9.8° வட அட்சக்கோட்டிலும் அமைந்துள்ளன. இரண்டும் 80° கிழக்குத் தீர்க்கக்கோட்டுக்கு அருகிலேயே இருப்பதால் அட்ச வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதும். ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். எனவே 3.2 × 111 = 355. விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள குன்றத்தூரின் தீர்க்கக்கோடு பலாலியினுடையதோடு இன்னும் நெருங்கி வருகிறது. குன்றத்தூரிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது செங்கல்பட்டு மாவட்டக் கரையைத் தாண்டிக் கடல் வழியாகவே சென்று பலாலிக்குப் பக்கத்தில் கரையேறும்.

இத்தடத்தில் இயங்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானம் இரட்டை விசிறி பொருத்தியது. மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பது. அந்தக் கணக்கில் 43 நிமிடம் போதுமே என்று தோன்றும். ஆனால் பயண நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் போய் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, காத்திருப்பது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். குறுந்தொலைவுப் பயணத்தில் இவையே பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. லண்டன் ஹீத்ரோவுக்கும் பாரிஸ் சார்லஸ் டி காலுக்கும் இடையே ஏறத்தாழ இதே தொலைவுதான். அங்கே ஜெட் விமானம் பறந்தும் பயண நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டியே வருகிறது.

கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க, சென்னையிலிருந்து சுமார் 645 கிலோமீட்டர். ஜெட் விமானம் செல்வதால் அதற்கும் ஒன்றரை மணி நேரம் போதும். இதனால் கொழும்பு வழி போனாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே இறங்கி வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் பேருந்திலோ ரயிலிலோ திரும்பி வர இன்னும் ஏழெட்டு மணி நேரம் ஆகும். நேரடி விமானம் இல்லாத காலத்தில், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்த வழியில்தான் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் சாவுக்கும் போக வேண்டியிருந்தது.

நேரடித் தடம் புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பின்னர் பல பத்தாண்டுகள் சேவை நின்றிருந்தது. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 2006 முதல் ஒரே நேரம் என்பதால், பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம். லண்டன் – பாரிஸ் பயணத்தில் அப்படிச் செய்தால் ஒரு மணி நேரம் பிசகும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடியேற்ற, சுங்கச் சோதனைகளுக்காகச் சில மணி நேரம் முன்பே நிலையத்துக்குச் சென்றுவிட வேண்டும். பலாலியிலிருந்து யாழ் நகரம் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல்.